கேசட்டில் ஏறாத கச்சேரிகள்

திருவனந்தபுரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பாட்டு ரசிகர்கள் சேர்ந்துவிட்டால் போதும். பேச்சு மழையில் தொடங்கினாலும் சரி, மருமகனின் வேலையில் தொடங்கினாலும் சரி, கால்மணி நேரத்தில் 1983-க்கோ 1984-க்கோ வந்து நின்றுவிடும். 1983-ல் வெளியானது 'உத்ஸவ கானங்கள்'. அடுத்த ஆண்டு வந்தது 'வசந்த கீதங்கள்'. எது உசத்தி என்பதுதான் வழக்கு. இரண்டுக்கும் இசை ரவீந்திரன். இரண்டிலும் பிரதான குரல் யேசுதாஸ். எனவே விவாதம் பாட்டெழுதியவர்கள் தலையில்தான் போய் விடியும். ஒரு கட்சி ஸ்ரீகுமாரன் தம்பிக்கு, மறு கட்சி பிச்சு திருமலாவுக்கு. நாற்பது வருடங்களாகத் தீர்ப்பு வரவில்லை. வரக் கூடாது என்பதே இரு தரப்பின் விருப்பமும்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு விஷயம் விசித்திரமாகப் படலாம். இவை சினிமாப் பாட்டுகள் இல்லை. சாமிப் பாட்டுகளும் இல்லை. 80-களின் தமிழ்நாட்டில் கேசட் என்றால் படப் பாட்டு. அதை விட்டால் ஆடி மாதத்து மாரியம்மனும் கார்த்திகை மாதத்து ஐயப்பனும். நடிகர் முகமோ தெய்வத்தின் முகமோ அட்டையில் இல்லாத ஒரு கேசட்டைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் இங்கே அநேகமாக இல்லை. கேரளத்தில் அது இருந்தது. ஓணத்துக்குப் புதுத் துணி போலப் புது கேசட். அந்த வழக்கத்தை உண்டாக்கிய பெருமை பெரும்பாலும் ஒரே நிறுவனத்தைச் சேரும். அதன் பிறப்பிடம் திருவனந்தபுரம்.

1980-ல் யேசுதாஸ் தொடங்கிய தரங்கிணிதான் அந்த நிறுவனம். அதுவரை மலையாளப் பாட்டு என்பது சென்னையில் தயாராகும் சரக்கு. கதை கேரளத்தில் நடக்கும், பாட்டு கோடம்பாக்கத்தில் பதிவாகும், இசைத்தட்டு எச்.எம்.வி.யாக இருந்தால் கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சாகி, ரயிலேறித் திரும்பி வரும். மலையாளிக்குத் தன் மொழியின் பாட்டு இந்தியாவைப் பாதி சுற்றிய பிறகே கைக்குக் கிடைத்தது. சொந்த ஸ்டூடியோவும் சொந்த கேசட் தயாரிப்பும் ஊருக்குள்ளேயே வந்தபோது தூரம் மட்டும் குறையவில்லை. எந்தப் பாட்டைப் பதிவு செய்வது என்று முடிவெடுக்கும் இடமும் மாறியது. படம் இல்லாமலும் பாட்டு போடலாம் என்று ஆயிற்று. கேரளத்திலிருந்து ஸ்டீரியோவில் சினிமாப் பாட்டு வெளிவந்ததும் இந்த ஸ்டூடியோவிலிருந்துதான் முதலில்.

ஸ்டூடியோ இருந்தால் போதுமா, கேட்பதற்குக் கருவி வேண்டாமா? அதை வளைகுடா பார்த்துக்கொண்டது. 70-களின் நடுவிலிருந்து அபுதாபிக்கும் தோஹாவுக்கும் போனவர்கள் விடுமுறையில் திரும்பும்போது கையில் ஒரு டூ-இன்-ஒன் இருக்கும். ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டியில். கிராமபோன் இருந்த வீடுகளை ஒரு ஊரில் விரல்விட்டு எண்ணலாம். டூ-இன்-ஒன் ஒரு தெருவில் பாதி வீடுகளில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பெட்டிகளுக்குத் தீனி வேண்டியிருந்தது. சாதாரண சி-60 கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம். பத்து, பன்னிரண்டு பாட்டுகளுக்குக் கச்சிதமான இடம். இசைத்தட்டுப் பெருநிறுவனங்களின் பிடியிலிருந்து பாட்டை உள்ளூர்க்காரர்கள் கையில் கொண்டுவந்தது கேசட்தான் என்று வட இந்தியாவை வைத்து 1993-ல் ஒரு புத்தகமே எழுதினார் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் மேனுவல். அவர் தெற்கே கொஞ்சம் இறங்கி வந்திருந்தால் அத்தியாயம் ஒன்று கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

ரவீந்திரனைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கொல்லம் மாவட்டத்துக் குளத்தூப்புழக்காரர். திருவனந்தபுரம் ஸ்வாதி திருநாள் இசைக் கல்லூரியில் படித்தபோது யேசுதாஸுடன் பழக்கம். பாடகராக வேண்டுமென்று சென்னைக்கு வந்து, குளத்தூப்புழ ரவி என்ற பெயரில் சில படங்களில் பாடி, அது கைகொடுக்காமல் நடிகர் ரவிகுமாருக்கு டப்பிங் குரல் கொடுத்துக் காலம் தள்ளியவர். யேசுதாஸ் சிபாரிசில் 1979-ல் 'சூள' படத்துக்கு இசையமைத்தார். ராகத்தைப் பாட்டுக்குள் ஒளித்துவைக்கும் வித்தை அவருடையது. 'வசந்த கீதங்க'ளில் மாமாங்கம் பற்றிய பாட்டு ஆபோகியில் அமைந்தது. பாரதப் புழைக் கரையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த ஒரு பழைய திருவிழாவின் நினைவை இவ்வளவு உருக்கமாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை. 'உத்ஸவ கானங்க'ளில் உத்திராட நிலவை அழைக்கும் பாட்டு இன்றைக்கும் ஓணத்துக்கு முந்தின இரவில் எங்காவது ஒலித்துக்கொண்டே இருக்கும். திருவோணத்துக்கு முந்தின நாள்தான் உத்திராடம். வாங்க வேண்டியதை எல்லாம் வாங்கித் தீர்க்க வேண்டிய நாள். கடைத்தெரு நெரிசலுக்கும் அந்தப் பாட்டின் அமைதிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் ஒன்றில்லாமல் மற்றொன்றை அந்த ஊர்க்காரர்களால் நினைக்க முடியவில்லை. ரவீந்திரன் 2005 மார்ச்சில் சென்னையில் காலமானார். பிச்சு திருமலா 2021 நவம்பரில் திருவனந்தபுரத்தில்.

கரமனை, கோட்டை, சாலைக் கடைத்தெருப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இந்த விவாதத்துக்கு மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. அவர்கள் இரண்டு கேசட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1986-ன் 'ஹவ் டு நேம் இட்', 1988-ன் 'நத்திங் பட் விண்ட்'. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்து இளையராஜா காணிக்கையாக்கியது முதலாவது. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் பேசுகிறது. இரண்டாவதில் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். வார்த்தையே இல்லாத தமிழ் கேசட். சினிமாவை விட்டு வெளியே வந்து ஒரு தமிழ் இசையமைப்பாளர் செய்த ஆல்பங்கள் என்றால் அந்தப் பத்தாண்டில் முதலில் ஞாபகத்துக்கு வருபவை இவைதான். பாட்டு வரிக்காகச் சண்டை போடும் மலையாள நண்பர்களிடம் வரியே இல்லாத கேசட்டைக் காட்டி வாயடைக்கலாம் என்பது இந்தக் கட்சியின் வியூகம். அதற்கும் பதில் தயாராக இருக்கும். 'ஓளங்கள்' 1982-லேயே வந்துவிட்டது, ராஜா எங்கள் ஆளும்தான் என்பார்கள்.

ரசிகர்கள் ஞாபகம் வைத்திருப்பவை எல்லாமே கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருள்களாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். அட்டை இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, ஏ பக்கம், பி பக்கம் இருக்கிறது. வானொலிப் பாட்டுக்கு இந்த வசதி இல்லை. திருவனந்தபுரம் ஆகாசவாணியில் எம்.ஜி. ராதாகிருஷ்ணன் மெல்லிசைப் பாடம் நடத்தினார். ஊரே நோட்டுப் புத்தகத்தில் வரிகளை எழுதிக்கொண்டு கூடவே பாடிப் பழகியது. 1979-ல் 'அட்டகாசம்' படத்தில் சித்ராவை முதலில் பாடவைத்தவரும் அவரே. ஆனால் பிடித்த ஆல்பம் எது என்ற கேள்விக்கு வானொலி நிகழ்ச்சியைப் பதிலாகச் சொல்ல முடியாது. கடையில் கிடைக்காதது பட்டியலில் ஏறுவதில்லை.

இந்த விதியில் அதிகம் அடிபட்டவர்கள் பக்கவாத்தியக்காரர்கள். கேசட்டின் மடித்த அட்டையில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர் இருக்கும். கிடார் வாசித்தவர், தபலா வாசித்தவர், வாத்தியங்களைக் கோத்துக் கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆர்.கே. சேகர் என்ற பெயரை இன்று பலரும் அறிந்திருப்பது அவர் ஏ.ஆர். ரஹ்மானின் அப்பா என்பதால். 1976-ல் மறைந்த அவர் எத்தனையோ மலையாளப் படங்களில் மற்ற இசையமைப்பாளர்களுக்காக வாத்தியக் கோர்வை செய்தவர் என்பது அந்தப் பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்கிறவர்களுக்கே பல சமயம் தெரியாது.

பெயரில்லாமல் போனவர்களில் அவர்களையும் விடக் கீழே ஒரு கூட்டம் இருக்கிறது. கானமேளாக் குழுக்கள். தமிழ்நாட்டில் மெல்லிசைக் கச்சேரி என்று சொல்வதுதான் கேரளத்தில் கானமேளா. ஆனால் இங்கே அது கல்யாண வரவேற்பில் சாப்பாட்டுக்கு நடுவே கேட்பது. அங்கே கோயில் திருவிழாவின் கடைசி இரவுக்குரியது. மகரத்திலிருந்து மேடம் வரை, அதாவது தையிலிருந்து சித்திரை வரை, சீசன். விழாக் கமிட்டி நோட்டீஸில் சாமியின் பெயருக்கு அடுத்த பெரிய எழுத்து குழுவின் பெயருக்குத்தான். கதாப்ரசங்கமோ நாடகமோ முடிந்தபின் மேடை ஏறுவார்கள். முதலில் ஒரு பக்திப் பாட்டு. பிறகு யேசுதாஸ், ஜானகி, சித்ரா பாட்டுகள். நள்ளிரவுக்கு மேல் இந்தியும் தமிழும். மேடைக்கு முன்னால் ஆடும் இளைஞர்கள் கேட்பது பெரும்பாலும் தமிழ்ப் பாட்டாக இருக்கும். மணலில் பாய் விரித்துக் குடும்பத்தோடு உட்கார்ந்து விடியும்வரை கேட்டவர்கள் ஆயிரக்கணக்கில். கேசட் வாங்க முடியாதவருக்கும் அந்த ஆண்டின் பாட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் குழுக்கள்தான்.

இவர்கள் இசைக்குழு இல்லையென்றால் வேறு யார்? மேலைநாட்டில் குறைவாக மதிக்கப்பட்ட 80-களின் ராக் குழுக்களைத் தேடித் தேடிப் பட்டியல் போடுகிறார்கள். அவற்றுக்கெல்லாம் குறைந்தபட்சம் ஒரு ஆல்பமாவது இருக்கும். கானமேளாக்காரர்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் பாடியது அடுத்தவர் பாட்டு. அதைப் பதிவு செய்து விற்கும் உரிமை அவர்களிடம் இல்லை. அசலைப் போலவே இருந்தால் பாராட்டு. கொஞ்சம் மாற்றினால் முணுமுணுப்பு. ஸ்டூடியோவில் பெரிய வாத்தியக் கூட்டத்தோடு பதிவான பாட்டை ஒரு அக்கார்டியன், இரண்டு கிடார், ஒரு கீ-போர்டு, தபலா, காங்கோவை வைத்துக்கொண்டு திறந்த வெளியில், மோசமான மின்சாரத்தில், அசல் போலக் கேட்கவைப்பது எத்தனை பெரிய வேலை என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. சட்டமும் பார்க்கவில்லை. மேடையில் நிகழ்த்துபவருக்குத் தன் நிகழ்ச்சியின் மீது உரிமை உண்டு என்பது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 1994-ம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நுழைந்தது. 80-கள் முழுக்க அவர்கள் காற்றில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆலப்புழையின் புளூ டயமண்ட்ஸ் பெயர் கேரளத்தில் தெரியாதவர் குறைவு. திருவனந்தபுரம் மாவட்டத்து இடவாவைச் சேர்ந்த பஷீரின் சங்கீதாலயாவும் அப்படித்தான். இடவா பஷீர் ஸ்வாதி திருநாள் கல்லூரியில் கானபூஷணம் முடித்தவர். ஓரிரு படங்களில் ஜானகியுடனும் வாணி ஜெயராமுடனும் பாடியிருக்கிறார். சினிமா அவரைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. அவரும் மேடையை விடவில்லை. எக்கோ, மிக்சர், சிந்தசைசர் எல்லாவற்றையும் கானமேளா மேடைக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர் என்று பெயர். 2022 மே 28 அன்று ஆலப்புழையில் புளூ டயமண்ட்ஸின் பொன்விழா மேடையில் யேசுதாஸின் பழைய இந்திப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தார். வயது 78. பாட்டு ஏறக்குறைய முடிகிற கட்டம். அந்தக் காட்சி செல்போன்களில் பதிவாகி ஒரே நாளில் உலகம் முழுதும் சுற்றியது. குரல் உச்சத்தில் இருந்த நாள்களில் அவர் பாடிய ஆயிரக்கணக்கான இரவுகளில் எத்தனை பதிவாயின என்று கேட்டால் பதில் சங்கடமானது.

சொந்தப் பாட்டு வைத்திருந்தவர்களின் கதையும் மெச்சும்படி இல்லை. கொச்சியில் 1977-ல் உருவான 13 ஏ.டி. ஆங்கில ராக் குழு. ஸீலார்டு ஹோட்டலில் வாடிக்கையாக வாசித்து வளர்ந்தவர்கள். அந்தக் காலத்து இந்திய ராக் குழுக்கள் அநேகமாக வெளிநாட்டுப் பாட்டுகளைப் பாடியே பிழைத்தபோது இவர்கள் தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்தார்கள். திருவனந்தபுரத்துக் கல்லூரி மாணவர்களுக்கு அவர்கள் பெயர் ஒரு மந்திரம் போல இருந்தது. முதல் ஆல்பம் 'கிரவுண்ட் ஜீரோ' எப்போது வந்தது தெரியுமா? 1990-ல். 80-கள் முழுவதும் வாசித்தவர்களுக்கு 80-களின் ஆல்பம் என்று ஒன்று இல்லை. 'டஃப் ஆன் தி ஸ்ட்ரீட்ஸ்' 1993-ல் வந்தபோது நாட்டில் எம்.டி.வி. யுகம் பிறந்துவிட்டது. பிடித்த 80-களின் ஆல்பம் எது என்ற விவாதத்தில் இவர்களை நுழைக்கப் பார்க்கும் ரசிகரை, வருடத்தைக் காட்டியே மற்றவர்கள் வெளியே தள்ளிவிடுகிறார்கள். பின்னால் திருவனந்தபுரத்திலிருந்தே புறப்பட்ட அவியல் குழு மலையாள நாட்டார் சாயலை ராக்கில் கலந்து புகழ்பெற்றது. 2003-ல் தொடங்கியவர்களுக்கும் முதல் ஆல்பம் கையில் வர 2008 ஆயிற்று. அதற்குள் கேசட்டே போய்விட்டது.

கேசட் போன கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். தரங்கிணியின் தலைமையிடம் 1992-ல் சென்னைக்கு மாறியது. பிறகு குறுந்தகடு வந்தது. பீமாபள்ளிக் கடைகளில் திருட்டு சி.டி. மலை மலையாகக் குவிந்த காலமும் வந்து போனது. கானமேளாவுக்கு வேறு பக்கத்திலிருந்து அடி. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லின. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் நோயாளிகளும் நிம்மதியாகத் தூங்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இரவு ஒரு மணிக்கு மேல் சூடுபிடிக்கும் கலைக்குப் பத்து மணி என்பது அஸ்தமனம்.

மிச்சம் இருப்பது வீட்டுப் பரண்களில் இருக்கிறது. திருவிழா மணலில் டூ-இன்-ஒன்னை மடியில் வைத்துப் பதிவு பட்டனை அழுத்தியவர்கள் உண்டு. மைக்செட்காரரைத் தாஜா செய்து மிக்சரிலிருந்து வயர் இழுத்தவர்களும் உண்டு. சி-90 கேசட், பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், நடுவில் திருப்பிப் போடும்போது அரைப் பாட்டு காணாமல் போயிருக்கும். கானமேளாக் குழுக்களின் 80-களுக்கு இவைதான் சாட்சி. 3.81 மில்லிமீட்டர் அகல நாடாவில் ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்சைடுப் பொடிதான் அந்த இரவுகள். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் கொண்ட ஊரில் அந்த நாடா பூஞ்சை பிடிக்கிறது. சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். அப்படியே ஓடவிட்டால் நாடா ஒட்டிக்கொண்டு கிழியும், கருவியின் ஹெட்டும் பாழாகும். பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்து மெதுவாகச் சுற்றிப் பிரித்து, ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்து, ஓடும் நிலையில் உள்ள ஒரு டெக்கைத் தேடிப் பிடித்துக் கணினிக்கு மாற்ற வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். 'வசந்த கீதங்க'ளுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. செல்போனில் தட்டினால் வருகிறது. தேவைப்படுவது கோயில் பெயரும் தேதியும் பேனாவால் எழுதிய அந்த அநாதைக் கேசட்டுகளுக்கு. பேனா மையும் மங்கிக்கொண்டிருக்கிறது.

அவற்றில் பாட்டைத் தவிர வேறொன்றும் பதிவாகியிருக்கும். கானமேளாவில் அறிவிப்பாளர் ஒருவர் இருப்பார். நிகழ்ச்சியின் நடுவில் எங்காவது நிறுத்தி, கீ-போர்டில் இன்னார், லீட் கிடாரில் இன்னார், தபலாவில் இன்னார் என்று வரிசையாகப் பெயர் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வாத்தியம் இரண்டு வினாடி தனியாக ஒலிக்கும், கைதட்டல் கேட்கும். எந்தக் கேசட் அட்டையிலும் அச்சாகாத பெயர்கள். சில சமயம் பின்னால் வெடிவழிபாட்டுக் கதினா வெடித்து, ஒன்றிரண்டு பெயர்கள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிருக்கும்.